டிரையர் வாங்கும்போது ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேப் டவுன்காரர்களுக்குத் துணி காயவைக்கும் டிரையர் தேவைப்படுவது ஜூன், ஜூலை மழையில். ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் வறண்டு கிடக்கும். காலையில் கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். டர்பனில் நமக்கு எல்லாம் தலைகீழ். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை, மழை விட்டாலும் கடல் காற்றின் ஈரம். தைப்பூசக் காவடியும் இந்த மாதங்களில்தான் வருகிறது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, குழந்தைகளின் சட்டை, வீடு நிறைய வந்த உறவினர்களின் துண்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் துவைத்தாக வேண்டும். கொடியில் மூன்று நாள் தொங்கிய துண்டின் வாடை எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, ஒரு டிரையர் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால் விற்பனையாளர் எத்தனை கிலோ, என்ன விலை, எத்தனை ஆண்டு வாரண்டி என்று சொல்வார். மின்சாரத் தர ஸ்டிக்கரைக் காட்டுவார். பஞ்சு பிடிக்கும் ஃபில்டரை வெளியே உருவிக் காட்டுபவர் அபூர்வம். வாங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் கை வைக்கப்போவது அதில்தான். அது எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, வீட்டில் யார் அதைச் சுத்தம் செய்யப் போகிறார் என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

பருத்தித் துணியின் குட்டை இழைகள் தேய்ந்து பிரிந்து, பஞ்சாகச் சூடான காற்றோடு பறக்கின்றன. ஃபில்டரின் வலை அவற்றைப் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்க வலை அடைபட்டு, காற்று குறைகிறது. காற்று குறைந்தால் ஈரம் வெளியே போகாது. ஒரு மணி நேரத்தில் காய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஓடும், பிரீபெய்டு மீட்டரில் யூனிட் இறங்கும். ஹீட்டரைச் சுற்றி வெப்பம் தேங்கும். மிஞ்சிப் போனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் எரிந்து இயந்திரம் நின்றுவிடும். ஃபியூஸ் போய் நின்றால் அது நல்ல முடிவு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விவரங்களைப் பார்த்து, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நடப்பதாக மதிப்பிட்டது. முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். அங்கே டிரையர் இல்லாத வீடு குறைவு என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. காரணம் மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

நான்கு இடங்கள்

முதல் வகையில் ஃபில்டர் இயந்திரத்தின் தலையில் இருக்கும். அமெரிக்கப் பாணிப் பெரிய டிரையர்களில் இது அதிகம். மேல் தகட்டில் ஒரு கைப்பிடி, பிடித்து இழுத்தால் நீளமான வலைச் சட்டம் மேலே வரும். குனிய வேண்டாம், கண்ணுக்கு நேரே தெரியும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. இடைஞ்சல் இரண்டு. தலையில் ஃபில்டர் இருந்தால் மேலே எதையும் வைக்க முடியாது. வாஷிங் மெஷினை ஒட்டி மேடைக்கு அடியில் தள்ளவும் முடியாது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதோடு இந்த வகையை மறந்துவிடலாம். அடுத்தது, சட்டத்தை மேலே இழுக்கும்போது ஓரத்தில் உரசிக் கொஞ்சம் பஞ்சு உள்ளேயே விழும். அந்தப் பள்ளம் ஆழமானது, கை எட்டாது. நீளக் காம்புள்ள பிரஷ் வாங்கி மாதம் ஒருமுறை துழாவ வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கதவைத் திறந்ததும் கீழ் உதட்டில் செருகி இருக்கும் வகை. இப்போது கடையில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். துணியை எடுக்கக் கதவைத் திறக்கிறோம், ஃபில்டர் கண் முன்னே நிற்கிறது. மறக்க வழியில்லை என்பதே இதன் முதல் பெருமை. புத்தகம் மாதிரி விரியும் இரண்டு மடிப்பு வலைகள் இருந்தால் இன்னும் நல்லது, பஞ்சை ஒரே வழிப்பில் எடுத்துவிடலாம். ஃபில்டரை உருவியதும் அங்கே ஒரு ஓட்டை வாய் பிளந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து டிரம் விளிம்பில் ஒட்டியிருந்த ஊக்கு, ஐந்து ரேண்ட் நாணயம், பிள்ளையின் தலைக் கிளிப் ஏதாவது அதற்குள் விழுந்தால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். முதலில் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகு ஃபில்டரை உருவுங்கள். தரையில் வைத்த டிரையர் என்றால் குனிய வேண்டும். வாஷிங் மெஷின் மேல் அடுக்கினால் அதே ஃபில்டர் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும், குனிகிற வேலையே இல்லை. அடுக்க வேண்டுமென்றால் அந்த மாடலுக்கான இணைப்புச் சட்டம் உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். சும்மா தூக்கி மேலே வைக்கிற வேலை வேண்டாம்.

டிரம்மின் பின்சுவரில் வட்டமாக ஃபில்டர் இருக்கும் வகை சிறிய, சுவரில் மாட்டும் டிரையர்களில் வரும். அது எனக்குப் பிடிக்காது. தலையை உள்ளே விட்டால்தான் தெரியும். பார்க்க முடியாத ஃபில்டரை யாரும் அடிக்கடி சுத்தம் செய்வதில்லை.

நான்காவது, தரையோரம் ஒரு சிறு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கீழ் ஃபில்டர். இது ஹீட் பம்ப் டிரையர்களில் கதவு ஃபில்டரோடு கூடுதலாக வரும். இதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டிரையர் வகைகளுக்குள் போக வேண்டும்.

பஞ்சு எங்கெல்லாம் சேர்கிறது

வென்ட் வகை பழைய, எளிய இயந்திரம். காற்றைச் சூடாக்கித் துணி வழியாக அனுப்பி, குழாய் மூலம் வெளியே தள்ளும். ஃபில்டர் ஒன்றே ஒன்று. ஆனால் வலையைத் தாண்டிய பஞ்சு குழாயில் படியும். பிளாஸ்டிக் வளையக் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும், சூட்டில் உருகவும் செய்யும். வளையாத உலோகக் குழாய், முடிந்த அளவு நீளம் குறைவாக, திருப்பம் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தால் போதும். வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடும் மூடி இருக்க வேண்டும். டர்பனில் பலர் குரங்குக்கும் மைனாவுக்கும் பயந்து அங்கே கம்பி வலை அடித்துவிடுகிறார்கள். மைனா நம்மைப் போலவே இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய பறவை, ஓட்டை கண்ட இடமெல்லாம் கூடு கட்டும், பயம் நியாயம்தான். இருந்தாலும் அந்தக் கம்பி வலை யாரும் எட்டிப் பார்க்காத இன்னொரு ஃபில்டராகி, சில மாதத்தில் பஞ்சால் அடைத்துக்கொள்ளும். மூடி ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்பதே போதும். கடலோரத்தில் உப்புக் காற்றில் உலோக மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அவ்வப்போது விரலால் தட்டிப் பாருங்கள்.

குழாயே போடாமல் வென்ட் டிரையரை அறைக்குள் ஓட்டுபவர்களும் உண்டு. துணியின் ஈரம் முழுவதும் அறைக்குள் வரும். நம் ஊர் ஈரத்தோடு அதுவும் சேர்ந்தால் இரண்டே மழை மாதத்தில் கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சணம். வெளியே விட்டால் மட்டும் பஞ்சு காணாமல் போகிறது என்றும் இல்லை. ஒரு டிரையர் ஆண்டுக்கு 12 கோடி வரை நுண்ணிழைகளைக் காற்றில் விடக்கூடும் என்று ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள்.

கண்டென்சர் வகைக்குக் குழாய் வேண்டாம். ஈரக் காற்றை உள்ளேயே குளிரவைத்து, தண்ணீரை ஒரு தொட்டியில் பிடிக்கும். கதவு ஃபில்டர் ஒன்று, கீழே உருவி எடுக்கும் உலோகக் கட்டி ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. அந்தக் கட்டியைச் சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசலாம், வேலை கஷ்டமில்லை. இதன் பலவீனம் வேறு. உள்காற்றைக் குளிரவைக்க இது அறைக் காற்றைத்தான் பயன்படுத்துகிறது. ஜனவரி மாதம் ஜன்னல் இல்லாத சிறு அறையில் வைத்தால் அறையே சூடாகி, குளிரவைக்கும் வேலை மந்தமாகி, நேரம் நீண்டுகொண்டே போகும். டர்பன் கோடைக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஹீட் பம்ப் வகை ஃபிரிட்ஜின் அமைப்பைக் கொண்டது. ஒரு பக்கம் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கிறது, எடுத்த வெப்பத்தை மறுபக்கம் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எட்டுக் கிலோ நிறையப் போட்டால் நல்ல ஹீட் பம்ப் சுமார் 2 யூனிட் எடுக்கும், பழைய பாணிக் கண்டென்சர் 4 முதல் 4.5 யூனிட். வாரம் நான்கு முறை ஓட்டும் குடும்பத்துக்கு ஆண்டில் 400, 500 யூனிட் மிச்சம். உங்கள் மீட்டர் யூனிட்டுக்கு என்ன விலை போடுகிறதோ அதால் பெருக்கிப் பாருங்கள், கூடுதல் விலை எத்தனை ஆண்டில் திரும்பி வரும் என்று தெரியும். வெப்பமும் குறைவு, துணிக்கு நல்லது. காய்வதற்கு நேரம் கூடும், இரண்டரை மணி நேரம் கூட ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குப் பிறகு புதிதாகச் சந்தைக்கு வருபவை இந்த வகையாகத்தான் இருக்க முடியும் என்னும் அளவுக்கு விதி கடுமையாகிவிட்டது. நம் கடைகளுக்கு வருபவற்றில் ஐரோப்பிய வடிவங்களும் உண்டு என்பதால் இங்கேயும் அதன் தாக்கம் தெரியும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு சொல்கிறேன், பஞ்சு விஷயத்தில் அதிகம் கோபித்துக்கொள்ளும் இயந்திரமும் இதுதான். உள்ளே குளிர்விக்கும் பாகத்தின் மெல்லிய உலோகத் தகடுகள் ஈரமாக இருக்கும். வலையைத் தாண்டிய பஞ்சு அதில் ஒட்டினால் சேறாகிவிடும். இதைத் தடுக்கத்தான் அந்தக் கீழ் ஃபில்டர், பெரும்பாலும் ஒரு ஸ்பாஞ்ச். சில மாடல்களில் அது கிடையாது. அதற்குப் பதிலாகச் சேர்ந்த தண்ணீரைக் கொண்டு இயந்திரமே தகடுகளைக் கழுவிக்கொள்ளும், நீங்கள் தொடவே வேண்டாம் என்பார்கள்.

ஹீட் பம்ப் வாங்குபவர் முடிவு செய்ய வேண்டிய உண்மையான கேள்வி இதுதான். கையால் சுத்தம் செய்யும் கீழ் ஃபில்டரா, தானே கழுவிக்கொள்வதா? தானே கழுவுவது சோம்பல்காரர்களுக்குச் சௌகரியம். கதவு ஃபில்டரில் கவனமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் நன்றாகவும் ஓடும். கவனம் பிசகி, தகடுகளில் பஞ்சு இறுகிவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மூடி வைத்த பாகம், மெக்கானிக் வந்து பிரிக்க வேண்டும், கூலி கனக்கும். கீழ் ஃபில்டர் உள்ளதில் மாதம் ஒன்றிரண்டு முறை தரையில் உட்கார்ந்து சிறு கதவைத் திறந்து, ஸ்பாஞ்சை எடுத்து, பஞ்சை வழித்து, தேவைப்பட்டால் அலசி நன்றாகக் காயவைத்துத் திருப்பி மாட்ட வேண்டும். அப்போதே பின்னால் தெரியும் தகடுகளை வாக்குவம் கிளீனரின் மெல்லிய பிரஷால் மேலோட்டமாகத் துடைக்கலாம். அழுத்தினால் தகடு வளையும், விரலையும் கிழிக்கும். உள்ளே ஓடும் வாயு புதிய மாடல்களில் பெரும்பாலும் புரொப்பேன், எரியக்கூடியது. கூர்மையான எதையும் உள்ளே விடாதீர்கள். இந்த இரண்டில் நான் கை எட்டுவதையே எடுப்பேன். அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற இயந்திரம் எனக்கு நிம்மதி.

எது வாங்கினாலும் செய்ய வேண்டியது

ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் பஞ்சை எடுங்கள். காய்ந்த நிலையில் ஒரு படலமாக உரிந்து வரும். குழாயடியில் கழுவி இறக்காமல் குப்பையில் போடுங்கள், கழுவினால் இழைகள் சாக்கடை வழியாகக் கடலுக்குத்தான் போகும். துணி மென்மையாக்கும் திரவமும், அதே வேலைக்குத் துணியோடு டிரையருக்குள் போடும் டிரையர் ஷீட்டும் பயன்படுத்தும் வீடுகளில் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். வலையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். வெந்நீரும் பாத்திரச் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஈரம் சுத்தமாகப் போன பிறகே மாட்ட வேண்டும். அதே படலம் டிரம் வாயில் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் படியும். துணி காய்ந்ததா என்று அறியும் சென்சார் அது. துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் முடிந்தது என்று சொன்னால் பழுது என்று முடிவு கட்டும் முன் அந்தப் பட்டைகளை வினிகர் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்.

வலை கிழிந்தாலோ, ஓரம் சரியாக உட்காராவிட்டாலோ ஓட்டாதீர்கள். மாற்று ஃபில்டர் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. டிரையர் விற்கும் டிஃபை நிறுவனத்தின் தலைமையகம் நம் டர்பனின் ஜேக்கப்ஸில் இருக்கிறது. 2011இல் துருக்கியின் ஆர்சலிக் நிறுவனம் அதை வாங்கிவிட்டாலும் ஊர்க்காரப் பிராண்டு என்ற பாசம் போகவில்லை. பாசத்துக்காக வாங்கினாலும் சரி, வேறு எதை வாங்கினாலும் சரி, அந்த மாடலின் ஃபில்டர் தனியாக விலைக்கு உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எண்ணெய் பட்ட துணி டிரையருக்கு எமன். பூஜை அறையில் விளக்குத் துடைத்த துணி, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலை துவட்டிய துண்டு, பலகாரம் சுட்ட நாளின் சமையலறைத் துணி எல்லாம் துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெயை வைத்திருக்கும். சூட்டில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே மேலும் சூடாகும். குவியலாகக் கிடந்தால் இயந்திரம் நின்ற பிறகும் தீப்பிடிக்கலாம். இவை கொடிக்கு மட்டுமே, மழையானாலும். பஞ்சு எடுப்பது போலவே கடைசிப் பத்து நிமிடம் குளிர்ந்த காற்றில் சுற்றவிடுவதும் முக்கியம். ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. லோட் ஷெட்டிங் நாட்களில் அட்டவணை பார்த்து ஓட்டுங்கள். அதையும் மீறிப் போனால் கதவைத் திறந்து சூடான துணியை எடுத்து விரித்துப் போடுங்கள்.

ஃபில்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் ஹாட்பாயிண்ட், இன்டெசிட் பெயர்களில் 2004 முதல் 2015 வரை விற்ற பல லட்சம் டிரையர்களில், டிரம்முக்குப் பின்னால் பஞ்சு கசிந்து ஹீட்டரைத் தொடும் வடிவக் குறை இருந்தது. முதலில் வீடு வீடாகச் சென்று திருத்தினார்கள். 2019இல் திருத்தப்படாதவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இயந்திரம் ஓடும்போது கருகிய வாடை வந்தால் ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஓட்டாமல் இருப்பது இதனால்தான்.

யாருக்கு எது

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தனி வீடு, பின்னால் கராஜ் அல்லது வாஷ்ஹவுஸ், வெயில் அடிக்கும்போது கொடியும் உண்டு, டிரையர் மழைக்கு மட்டும்தான் என்றால் கதவு ஃபில்டர் உள்ள சாதாரண வென்ட் டிரையர் போதும். சுவரில் ஓட்டை போட யாரையும் கேட்க வேண்டாம். ஆண்டில் சில மாதமே ஓடுவதற்கு ஹீட் பம்ப் விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஃபிளாட்டில் இருந்தால் சுவரைத் துளைக்க பாடி கார்ப்பரேட்டின், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் அமைப்பின், அனுமதி வேண்டும், பல இடங்களில் பால்கனியில் துணி தொங்கவிடவும் விடமாட்டார்கள். ஆண்டு முழுவதும் டிரையர்தான் என்றால் ஹீட் பம்ப் வாங்கி, வாஷிங் மெஷின் மேல் அடுக்குங்கள். கீழ் ஃபில்டர் உள்ள மாடலாக இருந்தாலும் அடுக்கியதும் அது இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். தரையில் உட்காரும் தொல்லையும் தீர்ந்தது.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கணக்கு மாறும். மாதம் ஒருமுறை குனிந்து கீழ்க் கதவைத் திறக்க யாராவது வருவார்களா? மகனோ மருமகளோ வாரக் கடைசியில் வருவார்கள் என்றால் சரி. இல்லையென்றால் கீழ் ஃபில்டரை விடுங்கள், தானே கழுவிக்கொள்ளும் வகையை எடுங்கள், எனக்குப் பிடிக்காவிட்டாலும். துணி வேலையை வேலைக்கு வரும் அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றால் வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஃபில்டரை அவர் கையால் உருவி மாட்டிப் பார்க்கட்டும். சிக்கினால் அந்த மாடல் வேண்டாம்.

பழைய டிரையர் வாங்குபவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். ஃபில்டரை உருவி அந்தப் பள்ளத்துக்குள் அடித்துப் பாருங்கள். வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கிழிசல் தெரியும். ஹீட் பம்ப் என்றால் கீழ்க் கதவைத் திறந்து தகடுகளைப் பாருங்கள், சாம்பல் நிறக் கம்பளம் போலப் படிந்திருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். வென்ட் வகை என்றால் பின்பக்கக் காற்று வாயில் கை விட்டுப் பாருங்கள். கடைசியாக, ஒரு ஈரத்துண்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். முடியாது என்று விற்பவர் மறுத்தால் துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.